சிவப்பு மூடியும் வெள்ளைக் கிளியும்

சிட்னியின் தெற்குப் பக்கம், ராயல் நேஷனல் பார்க் காட்டை ஒட்டிய பகுதிகளுக்குக் குடிவரப் போகிற நம்மவர்கள் என்னிடம் விசாரிப்பது பெரும்பாலும் மூன்று விஷயம்: ரயில் வசதி எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு எவ்வளவு தூரம். நான் நாலாவதாக ஒன்றைச் சொல்லி அனுப்புவேன். குப்பை லாரி வருகிற நாளில் விடிந்ததும் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். தொட்டி மூடிகளின் மேல் செங்கல், தண்ணீர் நிரப்பிக் கட்டிய பாட்டில், கைப்பிடிப் பக்கம் செருகிய பழைய ஷூ இதெல்லாம் கண்ணில் பட்டால் அது காக்கட்டூ வருகிற தெரு. அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குப்பைத் தொட்டியை என்ன செய்வது என்று குடிவந்த முதல் வாரத்திலேயே முடிவுக்கு வந்துவிடுவது நல்லது.

காக்கட்டூ என்றால் மஞ்சள் கொண்டை வைத்த பெரிய வெள்ளைக் கிளி. கொக்கி அலகிலிருந்து வால் நுனி வரை அரை மீட்டர் அளவுக்கு இருக்கும். பல பத்தாண்டுகள் உயிர் வாழும். கூட்டமாக வந்து மரத்தில் இறங்கிக் கத்த ஆரம்பித்தால் போனில் பேச முடியாது. இது ஆஸ்திரேலியாவின் சொந்தப் பறவை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குத் தீங்கு செய்வது குற்றம். கல்லெறிவது, ஏதாவது வைத்துப் பிடிப்பது எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. பறவையை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் தொட்டியைத்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

தொட்டியைப் பற்றி ஊரிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம். ஒவ்வொரு வீட்டுக்கும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டிகள் உண்டு. சிவப்பு மூடி பொதுக் குப்பைக்கு, மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு, பச்சை மூடி தோட்டக் கழிவுக்கு. முந்தின நாள் இரவே தெரு ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிடுவோம். காலையில் லாரி வரும். டிரைவர் கீழே இறங்க மாட்டார். லாரியின் பக்கவாட்டிலிருந்து ஓர் இயந்திரக் கை நீண்டு தொட்டியைக் கவ்வி, மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும். மூடி தானாகத் திறந்து குப்பை கொட்டும். இங்கேதான் சிக்கல். தொட்டி நிமிர்ந்து நிற்கும்போது கிளிக்குத் திறக்கக் கூடாது. கவிழ்த்தால் யாரும் தொடாமலே திறந்துகொள்ள வேண்டும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கட்டின தொட்டியை லாரி தூக்கிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் கொட்டாமல் அப்படியே இறக்கிவைத்துப் போய்விடும். அடுத்த வாரம் வரை குப்பை உங்களுக்கே சொந்தம்.

அது எப்படித் திறக்கிறது என்று கவனித்தால்தான் எது வேலை செய்யும், எது செய்யாது என்று புரியும். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே எதிர் வீட்டுத் தொட்டி நிற்கும். காபி போடுகிற நேரத்தில் பார்த்திருக்கிறேன். பறவை தொட்டியின் முன் மூலையில் வந்து உட்காரும். தலையைச் சாய்த்து, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் அலகை நுழைத்து ஒரு நெம்பு நெம்பும். மூடி இரண்டு விரற்கடை எழும்பும். உடனே அதை அலகால் கவ்விக்கொள்ளும். சில பறவைகள் ஒரு காலாலும் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம், பிடித்த பிடியை விடாமல், பக்கவாட்டு விளிம்பின் மேலேயே கீல் இருக்கிற பின்பக்கம் நோக்கி நடக்க ஆரம்பிக்கும். தலைச்சுமையோடு படியேறுகிறவர் போல அடிமேல் அடி வைத்து, நின்று, மறுபடி நடக்கும். ஒவ்வோர் அடிக்கும் மூடி இன்னும் கொஞ்சம் உயரும். கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்ததும் கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் தள்ளும். மூடி பின்னால் போய் ‘டப்’பென்று தொங்கும். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உள்ளே முதல் வேட்டை ரொட்டிதான். பீட்சாவின் ஓரம், பழைய பன், பிள்ளைகள் கடித்துவிட்டு வைத்த சாண்ட்விச் என்றால் அதற்கு உயிர். வேண்டாததை எல்லாம் அது கீழே வைக்காது, வீசும். டயப்பர், தயிர் டப்பா, புளிச்சக்கை எல்லாம் நடைபாதையில் கிடக்கும். மரத்தில் காத்திருக்கும் இங்கத்து அண்டங்காக்கைகள் அப்போது இறங்கும், கோழி எலும்பை இழுத்துக்கொண்டு அடுத்தவர் வாசலுக்குப் போகும். மூடியைத் திறக்கும் திறமை காக்கைக்குக் கிடையாது. காக்கட்டூ திறந்துவைத்தால் வந்து சாப்பிடும், அவ்வளவுதான். அதனால் கிளியை நிறுத்தினால் மற்றவையும் தன்னால் நின்றுவிடும்.

இந்தப் பறவைகள் விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேஜர் எடுத்த ஒரு வீடியோவில் தொடங்கி, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பார்பரா கிளம்ப், லூசி ஆப்ளின் முதலானோர் இதை ஆராய்ந்து 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மக்களிடம் கேட்டுத் தொகுத்ததில், 2018க்கு முன்னால் மூன்றே புறநகர்களில் இருந்த இந்தப் பழக்கம் 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவியிருந்தது. அதுவும் அங்கொன்று இங்கொன்றாக இல்லை, பக்கத்துப் பகுதி, அதற்குப் பக்கத்துப் பகுதி என்று படர்ந்திருக்கிறது. ஒன்று செய்வதைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஏறக்குறைய 500 பறவைகளுக்கு வண்ணப் பொட்டு வைத்து அடையாளம் கண்டு பார்த்தபோது, பத்தில் ஒரு பங்குக்குத்தான் திறக்கத் தெரிந்திருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை ஆண் பறவைகள்.

இதில் நமக்குப் பயன்படுகிற சங்கதி அந்தப் பத்தில் ஒன்று. உங்கள் தெருவுக்கு வருகிற கூட்டத்தில் கைதேர்ந்தவை சிலதான் இருக்கும். மற்றவை சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், அப்படிப் பார்த்தேதான் பழகும். ஆகவே ஒரு தொட்டி திறந்து கிடப்பதைப் பார்த்தால் அது யார் வீட்டுத் தொட்டியானாலும் போய் மூடிவிடுங்கள். ‘நமக்கென்ன’ என்று விட்டால், அங்கே கற்றுக்கொண்டது அடுத்த வாரம் உங்கள் வாசலுக்கு வரும்.

சரி, தடுப்பு முறைகளுக்கு வருவோம். தெருவில் அதிகம் தென்படுவது செங்கல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூடியின் மேல் சும்மா வைத்த கல்லைக் காக்கட்டூ தலையால் முட்டியும் அலகால் இழுத்தும் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே தள்ளிவிடும். தள்ளிவிட்டு எட்டிப் பார்க்கும், அதைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். தள்ளாவிட்டாலும், லாரி தூக்கும்போது அந்தக் கல் குப்பையோடு உள்ளே போகும் அல்லது நடைபாதையில் விழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நடக்கிற வழியில் கல் விழுகிற ஏற்பாடு எதற்கு? தண்ணீர் பாட்டிலைக் கம்பியால் மூடியோடு சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. கனம் முன்விளிம்பில் இருக்க வேண்டும், கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. சின்னப் பறவைகள் அசந்துவிடும். பெரிய ஆண் பறவை அதையும் தூக்கிவிடும்.

ரப்பர் பாம்பு, பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சிடி தொங்கவிடுவது இதெல்லாம் சில நாள் கூத்து. பொம்மை நகரவில்லை என்று தெரிந்துவிட்டால் அதன் மேலேயே ஏறி உட்காரும். பயமுறுத்துகிற சாமான் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள் என்பது என் கட்சி.

நான் இன்று வரை பயன்படுத்துவது ஷூ. இதைக் காட்டிக்கொடுத்தவர் எதிர் வீட்டுப் பெரியவர், இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். தொட்டியின் பின்புறம் கைப்பிடிக்கும் மூடியின் கீலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதில் பழைய ஓட்டப்பந்தய ஷூ ஒன்றைக் குறுக்கே இறுக்கமாகச் செருக வேண்டும். கிளி மூடியைத் தூக்கும், நடக்கும், எல்லாம் செய்யும். ஆனால் மூடி செங்குத்து நிலையைத் தாண்டிப் பின்னால் சாய முடியாமல் ஷூ தடுத்து நிறுத்திவிடும். கழுத்தை வெட்டித் தள்ளினாலும் மூடி திரும்ப முன்னால் வந்து விழும். பிடித்துக்கொண்டே இருந்தால் வாய் காலியில்லை, வாயை விட்டால் மூடி மூடிவிடும். கூட்டாளி ஒன்று வந்து மூடியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்தது உண்டு. இதுவரை எங்கள் தெருவில் அந்த ஒத்துழைப்பு வரவில்லை. லாரி கவிழ்க்கும்போது மூடி தன் கனத்திலேயே தொங்கித் திறப்பதால் குப்பை தடையில்லாமல் கொட்டிவிடும். இறுக்கிச் செருகினால் ஷூ விழாது. ஷூவின் குதிகால் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு கைப்பிடியோடு சேர்த்து ஒரு கயிற்றால் முடிந்துவிட்டால் லாரிக்குள் போய்விடுமோ என்ற கவலையும் இல்லை. ஷூ இல்லாவிட்டால் மரக்கட்டை, நீச்சல்குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயின் துண்டு, எதுவானாலும் சரி. தடிமன்தான் முக்கியம்.

கடையில் பூட்டும் கிடைக்கிறது. மூடியின் இரு பக்கமும் திருகி மாட்டுகிற கொக்கி. தொட்டி நிமிர்ந்து நிற்கும்போது பிடித்துக்கொண்டிருக்கும், நன்றாகச் சாய்த்தால் உள்ளே இருக்கும் எடை நகர்ந்து தானே விடுபடும். நன்றாக வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, தொட்டி பெரும்பாலும் கவுன்சிலுக்கு, அதாவது ஊர் நகராட்சிக்குச் சொந்தம், நமக்கு இல்லை. அதில் துளை போட அனுமதி உண்டா என்று போன் செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஒவ்வொரு தடவை குப்பை போடும்போதும் கொக்கியை விடுவிக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது எரிச்சலாக இருக்கும், கடைசியில் யாரோ பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இழுத்து மாட்டும் ரப்பர் பட்டை, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சரிப்படும். லாரி வருவதற்கு முன்னால் ஓடிப்போய்க் கழற்ற வேண்டும். கிளி விடியற்காலையிலேயே வந்துவிடும். லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது.

மூடி எவ்வளவு கெட்டியானாலும் உள்ளே இருப்பதன் வாசனை ஊரைக் கூட்டினால் பிரயோஜனம் இல்லை. நம் சமையலில் கழிவு அதிகம், ஈரமும் அதிகம். மீன் கழுவின குடல், கோழித் தோல், மிஞ்சின சோறு, இட்லி இவற்றை நான் தொட்டியில் போடுவதே இல்லை, லாரி வருகிற முந்தின இரவு வரை. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவோம். இரவு தொட்டியை வெளியே தள்ளும்போது செய்தித்தாளில் சுற்றி அடியில் போட்டு, மேலே மற்ற பைகளை வைப்போம். காலையில் பாதி உறைந்தே இருக்கும், நாற்றமும் கிடையாது. வெயில் காலத்தில் இது பறவைக்கு மட்டுமல்ல, புழுவுக்கும் மருந்து. ரொட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் மேலாகப் போடாதீர்கள். இன்னொன்று, தொட்டி நிரம்பி வழிந்து மூடி நாலு விரல் தூக்கி நின்றால் கிளிக்குத் திறக்கத் தெரிந்திருக்கவே வேண்டாம், எந்தப் பறவையும் பையை இழுத்துவிடும். பாதிப் பிரச்சினை இப்படி வழிகிற தொட்டிகளில்தான்.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அமாவாசை வந்தது. இலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்துப் பின்பக்க வேலி மேல் வைக்கப் போனார்.

“அத்தை, இங்கே வைக்காதீங்க. காக்கா வராது, வேற ஆள் வரும்” என்றேன்.

“வந்தா வரட்டுமே மாப்பிள்ளை, ஏதோ ஒண்ணு சாப்பிட்டாச் சரி.”

வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஐந்து நிமிடத்தில் வெள்ளையாக இரண்டு வந்து வேலியில் இறங்கிக் கொண்டையை விரித்தன. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். “இவ்வளவு செவப்பா நம்ம வம்சத்துல யாரும் இல்லையே” என்றார்.

விளையாட்டாகத் தோன்றினாலும், தீனி வைப்பதுதான் மிக ஆபத்தான காரியம். இங்கே தீனி கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட கூட்டம் தினமும் வரும். தீனி இல்லாத நாளில் மரக் கைப்பிடி, ஜன்னல் சட்டம், மாடி டெக்கின் பலகை என்று கடித்துத் துப்பும். இவற்றின் அலகு வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தாக வேண்டும். பறவைகளுக்கும் இது நல்லதில்லை. ஒரே தட்டில் கூட்டமாகத் தின்னும்போது இறகும் அலகும் சிதைகிற ஒரு வைரஸ் நோய் அவற்றுக்குள் பரவுகிறது. இறகு உதிர்ந்து, தோல் தெரிகிற ஒன்றை எங்கள் பக்கத்துப் பூங்காவில் பார்த்தவர் யாரும் மறுபடி ரொட்டி வீசமாட்டார்கள். அத்தைக்கு வேறு ஏற்பாடு செய்தோம். அடுத்த அமாவாசைக்குச் சோற்றுருண்டை வீட்டு வாசல் படியில், அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அண்டங்காக்கை வந்து எடுத்துக்கொண்டதும் இலை உள்ளே வந்துவிட்டது.

தெருவில் ஒருவர் மட்டும் தடுப்பு வைத்தால் கிளி பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கே கிடைத்ததைத் தின்றுவிட்டுக் குப்பையை உங்கள் வாசலில்தான் வீசும். இதே ஆராய்ச்சிக் குழு 2022இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தது. ஸ்டான்வெல் பார்க் என்ற ஊர் போன்ற இடங்களில் யார் எந்தத் தடுப்பை வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே மாதிரித் தடுப்பு இருந்தது. கிளி கிளியைப் பார்த்துக் கற்பது போலவே மனிதரும் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்கிறார்கள். எங்கள் தெருவில் நடந்ததும் அதுதான். பெரியவர் ஷூ வைத்தார், அதைப் பார்த்து நாங்கள் வைத்தோம், எங்களைப் பார்த்து இலங்கைக் குடும்பம் ஒன்று வைத்தது. கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனால் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் நாமாகப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. நான் பழைய ஷூ ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

நகரத்துக்குள் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே வில்லன் வெள்ளை ஐபிஸ் என்கிற பறவை, நம் வேடந்தாங்கலில் பார்க்கிற அரிவாள் மூக்கனின் நெருங்கிய சொந்தம். உள்நாட்டுச் சதுப்புநிலங்கள் வறண்டதும் 1970களிலிருந்து மெல்ல மெல்லக் கடலோர நகரங்களுக்கு வந்து சேர்ந்த பறவை. 2017இல் கார்டியன் ஆஸ்திரேலியா நடத்திய வாக்கெடுப்பில் ஆண்டின் சிறந்த பறவையாக இரண்டாம் இடம்கூடப் பிடித்தது. அதற்கு மூடியைத் திறக்க வராது. நீண்ட வளைந்த மூக்கை இடுக்கில் விட்டுப் பையைக் கிழித்து இழுக்கும். அதனால் அங்கே ஷூ, பூட்டு எதுவும் தேவையில்லை. மூடி முழுக்க மூடியிருந்தால் போதும். பொதுக் குப்பை அறையில் எல்லோரும் பையைத் தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும், அது பறவையைத் தடுப்பதைவிடக் கஷ்டம்.

அடுத்து வரப்போகிற மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2030 ஜூலைக்குள் நியூ சவுத் வேல்ஸ் முழுக்க வீட்டு உணவுக் கழிவைத் தனியாக, தோட்டக் கழிவோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சில கவுன்சில்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. அதாவது சோறும் ரொட்டியும் சிவப்பு மூடியிலிருந்து பச்சை மூடிக்கு மாறும். கிளியும் கூடவே மாறும், அதற்கு நிறம் ஒரு பொருட்டில்லை. பச்சைத் தொட்டி பெரும்பாலும் 240 லிட்டர், சிவப்பைவிடப் பெரிசு, கீல் இடைவெளியும் வேறு. சிவப்புக்குக் கச்சிதமாக இருந்த ஷூ இதில் நழுவலாம். வீட்டு வாசலிலேயே செருகி, மூடியைக் கையால் தூக்கிப் பின்னால் தள்ளிப் பாருங்கள். தானே திரும்பி விழுந்தால் சரி. அப்புறம் தொட்டியை நன்றாகச் சாய்த்து, மூடி தாராளமாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் தள்ளுங்கள். உணவுக் கழிவைப் போடுகிற மக்கும் பைகள் மிக மெல்லிசு, அலகு பட்டால் கிழிந்துவிடும். தோட்டத்தில் வெட்டின புல்லோ இலையோ இருந்தால் ஒரு கூடை எடுத்து வைத்து, உணவுப் பையைப் போட்ட பிறகு அதன் மேல் பரப்பிவிடுங்கள்.